வாய் அகன்ற பாட்டில்

பாட்டில் வாங்கத்தான் வந்திருந்தாள். ஆனால் தரையிலிருந்து கூரைவரை சுவர் நிறையப் பாட்டிலாக நின்றதைப் பார்த்ததும் இசக்கியம்மாளுக்கு முதலில் வந்த எண்ணம், இத்தனையையும் தினமும் யார் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்குகிறார்கள் என்பதுதான். மலையேறுகிறவர்களுக்கு மட்டுமேயான கடை அது, சென்னையில் ஒரு பெரிய மாலின் இரண்டாவது மாடியில். முதுகுப்பை ஒரு பக்கம், கூடாரம் ஒரு பக்கம், ஸ்லீப்பிங் பேக் ஒரு பக்கம், எல்லாம் தாண்டி இந்தச் சுவர். நீலம், பச்சை, கத்தரிப்பூ, அதற்குப் பக்கத்திலேயே எலுமிச்சை மஞ்சள். கத்தரிப்பூவை ஒட்டி எலுமிச்சையை எவன் வைத்தான், கண்ணைக் குத்துகிறதே, நடுவில் ஒரு சாம்பல் வந்தால் இரண்டும் எடுப்பாகத் தெரியுமே என்று கை தானாக நீண்டது. நீண்ட கையை மடக்கிக்கொண்டாள். வேலை பார்க்க வரவில்லை, வாங்க வந்திருக்கிறாய். மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்: வாங்க. இருபது வருடத்துக்குக் கிட்டத்தட்டப் பட்டுச்சேலைப் பிரிவில் நின்று, வாங்கம்மா, உள்ள வாங்க, என்ன பார்க்கிறீங்க என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த நாக்கு. அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. இப்போது அவள் யாரிடமும் வேலை பார்க்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டு முன்னறையில் சேலைக்கு மடிப்பு வைத்துக் கொடுக்கிறாள். கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கட்டப்போகிற சேலையை முந்தானையும் கொசுவமும் முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி, பெட்டியில் வைத்துக் கொடுத்தால் கட்டுகிறவள் கண்ணாடிகூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டு போய்விடலாம். அப்படிச் சேலை கொண்டுவந்தவர்தான் குர்ஷித் பேகம், கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்து இவள் மடிப்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'எவ்வளவு நேரமா நிக்கிறீங்க, கால் மாத்திக்கூட நிக்கலையே. இந்தக் கால் இஸ்திரிப் பலகைக்கு முன்னாடி நிக்கிற கால் இல்லைங்க, மலைக்குப் போற கால்' என்றார். காலைப் பற்றி அதுவரை யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நரம்பு முடிச்சு விழுந்து நீலம் பாரித்த கால். அன்று ராத்திரி அதற்குத் தேங்காயெண்ணெய் தடவும்போது, மலைக்குப் போற கால், என்று அதனிடமே சொன்னாள். வரும் மார்கழியில் குர்ஷித் மேடத்தின் நடைக்கூட்டத்தோடு உத்தராகண்டில் பனி விழுகிற ஒரு மலைக்குப் போகிறாள். பையைக் கோவேறு கழுதையிடம் கொடுத்துவிடலாம், அதற்கும் ஏற்பாடு உண்டு என்றபோது முதலில் கை தூக்கி மறுத்தவள் இவள்தான். என் பையை நானே தூக்குவேன். யாருடைய குரல் அது என்று அவளே திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக வந்தது.

எல்லோரையும் போனில் ஒன்றாகக் கூப்பிட்டு, எதை எடுத்து வரவேண்டும் என்று சொன்ன அன்று, குர்ஷித் மேடம் பாட்டிலைப் பற்றி மட்டும் நெடுநேரம் பேசினார். 'முதுகுல நாமளே தூக்கப் போறோம். ஒரு சாமான் ஒரு வேலை மட்டும் செஞ்சா அது சுமை. பாட்டில்னா குடிக்கவும் ஆகணும், அவசரத்துக்கு அப்படியே அடுப்புல வச்சுப் பனியை உருக்கவும் ஆகணும், ராத்திரி வெந்நீர் ஊத்தி மூடி, ஒரு சாக்ஸுக்குள்ள போட்டுக் கால்மாட்டுல வச்சா விடியுறவரைக்கும் சூடு தரவும் ஆகணும்.' பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். 'வாய் அகலமா பழைய பாட்டில் ஒண்ணு இருந்தா அதையும் தனியா அடையாளம் போட்டு எடுத்துக்குங்க. அந்தக் குளிர்ல நடுராத்திரி கூடாரத்தை விட்டு வெளியே போக முடியாது. புரியுதில்ல?' அத்தனை பேரும் சிரித்தார்கள், ஒருத்தர் ஐயய்யோ என்றார். இசக்கி சிரிக்கவில்லை. பெண்பிள்ளைக்கு மூத்திரம் வரும் என்பதை டார்ச் லைட் மாதிரி, கையுறை மாதிரி, முன்கூட்டியே யோசித்து வைக்கவேண்டிய ஒரு ஏற்பாடாக ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகும் அந்தப் 'புரியுதில்ல' காதில் நின்றது. புரியாமல் என்ன. சரி, அது வீட்டில் இருக்கிற ஊறுகாய் ஜாடி மூடி போட்ட பழைய பிளாஸ்டிக் பாட்டில் பார்த்துக்கொள்ளும், இப்போது வாங்க வேண்டியது குடிக்கிற பாட்டில். சுவரிலிருந்து ஒன்றை எடுத்தாள். எடுத்ததும் கை அதைத் தராசில் போடுவது மாதிரி உள்ளங்கையில் உயர்த்தி இறக்கியது; பட்டில் ஜரிகை எவ்வளவு, நூல் எவ்வளவு என்று தூக்கியே சொல்லிப் பழகிய கை. இது பிளாஸ்க் மாதிரி இரண்டு சுவர், சூடு நிற்கும், ஆனால் நெருப்பில் வைத்தால் வெடித்துவிடும் என்று மேடம் சொன்னார். திருப்பி வைத்தாள், எழுத்து முன்பக்கம் தெரிய. அடுத்தது பிளாஸ்டிக், பளிங்கு மாதிரி இருக்கிறது, இறகு மாதிரி எடை, அடுப்பு ஆகாது. அடுத்தது உறிஞ்சுகுழல் வைத்தது. உறிஞ்சிக் குடிப்பதா, நான் என்ன நாக்கை நனைத்துவிட்டு நிறுத்தவா போகிறேன். அந்த வார்த்தையில் மனசு முள்ளில் சேலை மாட்டிய மாதிரி நின்றது. நாக்கை நனைத்துவிட்டு நிறுத்துவது. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு.

அந்த ஜவுளிக்கடையில், திறந்ததிலிருந்து மூடுகிறவரை நிற்கவேண்டும். உட்காரக்கூடாது, சாயக்கூடாது. அந்தத் தளத்தில் நின்ற அத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு மஞ்சள் அட்டை, சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அத்தனை வாடிக்கையாளர்களுக்கும் நடுவே நடந்து, பின்படியில் இறங்கி, கிடங்கைத் தாண்டிப் போய்வரவேண்டும். அட்டை ஆணியில் இல்லை என்றால் அது வரும்வரை அடக்கவேண்டும். அட்டையை அடிக்கடி எடுக்கிறவள் பெயர் சூப்பர்வைசர் வாயில் நாறும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து இறங்கியவள் இதைப் பார்த்த முதல் நாளே முடிவு செய்துவிட்டாள், நான் அந்த அட்டையைத் தொடமாட்டேன். அதற்கு வழி ஒன்றுதான், தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அவளுக்கு அது புதிதில்லை, பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு மறைப்பே இல்லை, பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அம்மா தம்ளரைப் பிடுங்கி வைத்துவிடுவாள். காலையில் ஒரு தம்ளர், ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய் ஒரு தம்ளர். நடுவில் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள், நாக்கு மட்டும் நனையும். தீபாவளிக் கூட்டத்தில் சேலைக்கு மேல் சேலையாக விரித்துப் போட்டு, இந்தக் கலர் உங்களுக்கு நல்லா எடுக்கும்மா, முந்தியைப் பாருங்க, கை வச்சுப் பாருங்க என்று பேசிப் பேசி உதடு வெடித்து உப்புக் கரிக்கும், ஆனால் அட்டை? அட்டை ஆணியிலேயே. ஒரு நாள் காலையில் வரிசையில் நிற்கவைத்துச் சூப்பர்வைசர் சொன்னார்: 'இசக்கியப் பாருங்க. இந்த மாசம் முழுக்க ஒரு தடவை அந்தப் பக்கம் போயிருப்பாளா? அவளும் பொம்பளைதானே?' என்ன பெருமை அன்று. முதுகெலும்பு இன்னும் ஒரு விரல்கடை நீண்ட மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் வராது, நான் அப்படிப்பட்டவள் இல்லை. மற்றவர்கள் தன்னைப் பார்த்த பார்வையைப் பொறாமை என்றுதான் எடுத்துக்கொண்டாள். அவளும் பொம்பளைதானே. எத்தனையோ வருடம் கழித்து, இஸ்திரிப் பெட்டி சூடேறக் காத்திருந்த ஒரு மத்தியானம், அந்த வார்த்தை எங்கிருந்தோ வந்து மூஞ்சியில் அறைந்தது. அதுவா பாராட்டு? வாழ்க்கையில் முதன்முதலில் கிடைத்த பாராட்டு, உடம்பே இல்லாதவளாக நின்றதற்காகவா கிடைத்தது? அதில் பெருமைப்பட்டு முதுகை வேறு நிமிர்த்தினேனே. நினைப்பு அந்த இடத்துக்கு வந்தால் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், செக்கு மாடு மாதிரி அங்கேயே சுற்றும். சுற்றட்டும். இன்றைக்குப் பாட்டில் வாங்கணும்.

'என்ன பார்க்கிறீங்க மேடம்?' பக்கத்தில் ஒரு குரல். முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், கடையின் நீல பனியன் போட்டு, நெஞ்சில் பிலோமினா என்று பெயர் குத்தியிருந்தது. 'வாட்டர் பாட்டில்ம்மா. மலைக்கு. அடுப்புல வைக்கிற மாதிரி, ஒத்தைச் சுவர் எவர்சில்வர் இருக்கா?' என்று கேட்கும்போதே இசக்கியின் கண் கீழே இறங்கி அவள் காலைப் பார்த்துவிட்டது. பழக்கம். நிற்கிறவளை நிற்கிறவளுக்குத் தெரியும். பிலோமினா எடையை இடது காலில் போட்டு, வலது காலை அதன் முன்னால் குறுக்கே வைத்து, முழங்காலோடு முழங்காலை இறுக்கிக்கொண்டு நின்றாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. கீழுதட்டில் ஒரு வெடிப்பு. ஐயோ, இது எனக்குத் தெரியுமே, இந்த நிலை எனக்கு மனப்பாடமாகத் தெரியுமே. கண்ணை எடுத்துக்கொண்டாள், அடுத்தவர் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் ஒரு மாதிரித் திருட்டுதான். 'இருக்கு மேடம், கீழ்த்தட்டுல' என்று பிலோமினா குனிந்து, குனியும்போது பல்லைக் கடித்து, இரண்டு பாட்டில் எடுத்து மேலே வைத்தாள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது, மற்றபடி அச்சு ஒன்றுதான். பூச்சு இல்லை, பூ இல்லை, வெறும் எவர்சில்வர், கை நுழைகிற அளவு அகலமான வாய், திருகு மூடி, மூடியில் கம்பி வளையம். இசக்கி விரலால் விளிம்பைத் தடவினாள். பிசிறு இல்லை. சுண்டினாள், ஒற்றைச் சுவரின் கணீர். இதுதான். மூடியைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தபோது உள்ளே அவள் முகம் நீண்டு வளைந்து தெரிந்தது. இதுதான், சரி, எந்த அளவு? கேள்வி மனசுக்குள் முடிவதற்குள் கை போய்ச் சின்ன பாட்டிலை எடுத்திருந்தது. அவள் எடுக்கவில்லை, கை எடுத்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சட்டென்று வேர்த்தது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு குன்றில் போன மாதம் பழகுநடை போனார்கள். யாருக்கும் தெரியாத விஷயம் அங்கே நடந்தது. மேலே ஏறுவது ஒன்றுமே இல்லை; குர்ஷித் மேடம் சொன்ன கால் சொன்னபடியே போனது, முன்னால் போனவர்கள் மூச்சு வாங்கி நிற்க இவள் தாண்டிக்கொண்டு போனாள், கீழே ஏரி ஒரு தாம்பாளம் மாதிரிக் கிடந்தது, காற்று புடவையில்லாத உடம்பில், பேன்ட்டும் சட்டையும் போட்ட உடம்பில், நேராக வந்து மோதியது. மேடம் சொன்னபடி தண்ணீரும் குடித்திருந்தாள். பிறகு வந்தது. சொன்னாள், சொல்லவே நாக்கு புரளவில்லை, சொன்னாள். மேடம் ஒரு பாறைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றார். 'அவசரமே இல்ல. நான் மேகத்தைப் பார்த்துட்டிருக்கேன்.' குந்தினாள். வரவில்லை. வயிறு கல்லாக இருந்தது, வரவில்லை. யாரோ பேசுகிற சத்தம், எங்கோ ஆடு கத்துகிற சத்தம், சூப்பர்வைசர் தொண்டையைச் செருமுகிற சத்தம், அது எப்படி இங்கே கேட்கும், கேட்டது. முழுசாகப் பூட்டிக்கொண்டுவிட்ட உடம்பு. பூட்டியது அவள்தான், சாவி எங்கே வைத்தாள் என்றுதான் தெரியவில்லை. போய்ட்டேன் மேடம் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தாள். இறங்குகிற வழி முழுக்கப் படிக்குப் படி ஊசி குத்தியது, வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் உடம்பு விட்டது, அழுகையும் வந்தது. மலையில் அப்படி ஆனால்? வீடு எத்தனை மலைக்கு அந்தப் பக்கம். தாழ்ப்பாள் எங்கே. அன்றைக்கே ஒரு யோசனை முளைத்துவிட்டது, சின்ன பாட்டிலாக வாங்கிக்கொள்வோம், நாக்கை நனைத்துக்கொள்வோம், யாருக்குத் தெரியப் போகிறது. எனக்கு ஒன்றும் வராது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. வேலையை விட்டு வந்தாயிற்று, அட்டையும் ஆணியும் எங்கோ போயிற்று, அந்த வரி மட்டும் இன்னும் உள்ளேயே குடியிருக்கிறது.

போன் அடித்தது. அவள் புருஷன் சண்முகவேல், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், பிள்ளைகளை இறக்கிவிட்டு ஸ்டாண்டில் நிற்கும் நேரம். 'என்ன இசக்கி, வாங்கியாச்சா?' 'பாத்துட்டுதான் இருக்கேன்.' 'ஒரு பாட்டிலுக்கா இவ்வளவு நேரம்? ஒத்தைச் சேலைக்கு நூறு சேலையைப் பிரிக்கச் சொல்லுதாளுவன்னு எத்தனை பேரைத் திட்டியிருப்ப, இப்போ நீ என்ன செய்யுத?' இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'திட்டுனேன்தான். இப்போ அவளுவ செஞ்சது நியாயம்னு தெரியுது. வைங்க போனை.' 'இரு, இரு. ஸ்டாண்டுல எல்லாருக்கும் சொல்லியாச்சு. எந்த மலைன்னு கேக்கானுவ, பேரு வாயில நுழையல, இமயமலைன்னே சொல்லிட்டேன். நம்ம மாரிக்கனி நம்பவே மாட்டேங்கான், ஃபோட்டோ அனுப்பணும் பாத்துக்க.' பிறகு குரல் மாறியது. 'பெருசா பாத்து வாங்கு. அந்த டாக்டரம்மா சொன்னதை மறந்திராத.' சரி என்று வைத்தாள். மறக்கிறதா. ஜவுளிக்கடையில் அவள் நின்ற கடைசி நாள் அது; கல்யாண முகூர்த்தக் கூட்டம், விரித்துப் போட்ட அரக்குப் பட்டின் மேலேயே சுருண்டு விழுந்தாள். சேலை கசங்கிவிடுமே என்பதுதான் விழும்போது நினைப்பு. அதற்கு முன்னாலேயே நீர்க்கடுப்பு, காய்ச்சல், முதுகுவலி எல்லாம் வந்து வந்து போயிற்று, மாத்திரையை எச்சில் கூட்டி விழுங்கிக்கொண்டு நின்றாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 'ரெண்டு கிட்னியிலயும் கல்லு. தண்ணி குடிப்பீங்களா?' 'குடிப்பேன் டாக்டர்.' 'எவ்வளவு?' 'காலைல ஒரு தம்ளர். ராத்திரி ஒரு தம்ளர்.' அவர் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மேசையில் போட்டார். 'ஏம்மா, நீ என்ன ஒட்டகமா?' கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சண்முகவேல் அன்றைக்குத்தான் அந்த அட்டைக் கதையைக் கேட்டார். மறுநாள் அந்தக் கடைக்கு அவரே போய், என் பொண்டாட்டி இனி வரமாட்டா என்று சொல்லிவிட்டு, வருகிற வழியில் மூடி போட்ட ஒரு மண்பானை வாங்கி வந்தார். இப்போதிருக்கும் வீட்டையே ஒரு நிபந்தனை போட்டுத்தான் வாடகைக்குப் பிடித்தார்கள், பாத்ரூம் வீட்டுக்குள்ளேயே இருக்கணும். முன்னறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பானை. ஒவ்வொரு சேலை மடித்து முடிக்கும்போதும் ஒரு சொம்பு. தன் வீட்டில், தன் தாழ்ப்பாளுக்குள், அவள் ராணி. வெளியில்தான் இன்னும் ஒட்டகம்.

'மேடம், சின்னதே போதும்' என்றாள் பிலோமினா, இசக்கி கையில் இருந்ததைப் பார்த்து. 'லேடீஸ் எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. பெருசு நிறைச்சா வெயிட்டு.' 'வெயிட்டுக்காகவா எடுக்கிறாங்க?' என்று இசக்கி கேட்டாள். பிலோமினா பின்னால் திரும்பி, பில் கவுண்டர் பக்கம் டை கட்டி நின்ற மேனேஜரை, அந்தக் கழுத்துப்பட்டைக்காரரை, ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். 'அதான் மேடம்... வழியில போக முடியாதில்ல. தண்ணி குடிச்சா கஷ்டம்தானே நமக்கு.' நமக்கு. கடையில் இந்தப் பக்கம் இருப்பவளுக்கும் அந்தப் பக்கம் இருப்பவளுக்கும் சேர்த்து ஒரு 'நமக்கு'. இசக்கி சின்ன பாட்டிலைப் பார்த்தாள். எவ்வளவு லட்சணமாக இருக்கிறது, கைக்கு அடக்கமாக, பைக்கு அடக்கமாக, அடக்கம் என்ற சொல்லே பாட்டிலாக உருண்டு நிற்கிற மாதிரி. அதைத் தட்டில் திருப்பி வைத்தாள், இந்தத் தடவை எழுத்து எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லை. 'பெருசுக்குப் பில் போடுங்கம்மா.' பணத்தைக் கட்டிவிட்டு, 'இங்க குடிக்கிற தண்ணி இருக்கா? நிறைச்சுப் பார்க்கணும்' என்றாள். கவுண்டருக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர் மிஷின் இருந்தது. ஒரு தடவை அலசி ஊற்றினாள், பிறகு நிறைத்தாள், வாய் அகலம் என்பதால் விழுகிற சத்தம் பானையில் விழுகிற மாதிரி அடியிலிருந்து கனமாக ஏறி வந்தது. தூக்கினாள். கனம்தான். தோள் கேள்வி கேட்காமல் அந்தக் கனத்தை வாங்கிக்கொண்டது. அத்தனை பேர் போய் வருகிற இடத்தில், நடுக்கடையில், நின்றபடி வாயை வைத்துக் குடிக்கத் தொடங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, நாக்கை நனைக்கவில்லை, தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். கழுத்துப்பட்டைக்காரர் பார்த்தார். கூடாரம் பார்க்க வந்த ஒரு பையனும் அவன் அப்பாவும் பார்த்தார்கள். பார்க்கட்டும். நெஞ்சுக்கூடு வழியாக ஒரு குளிர்ந்த கோடு இறங்கிக்கொண்டே போனது. மூச்சு விட்டு மறுபடி குடித்தாள், இடையில் நிறுத்தவேண்டும் என்ற பழைய குரல் ஒரு தடவை கூப்பிட்டது, அதன் மேலேயே தண்ணீர் போனது. பாட்டில் காலியானதும் மறுபடியும் நிறைத்து மூடியை இறுக்கினாள்.

பிறகு அவசரமில்லாமல் கடையைச் சுற்றி வந்தாள். ஊன்றுகோல் பார்த்தாள், அதை எப்படிக் கையில் மாட்டிக்கொள்வது என்று பிலோமினா காட்டித்தந்தாள். காலணிக்கு மேல் பனி ஏறாமல் மாட்டுகிற உறையைப் பார்த்தாள். இனி அது வரும் என்று தெரியும், வருவதற்காகத்தான் சுற்றினாள். வந்தது. முதலில் ஒரு சின்ன நினைவூட்டல், பிறகு நிச்சயமாக. மனசு உடனே பழைய வேலையைத் தொடங்கியது. வீடு எவ்வளவு தூரம், ஆட்டோ பிடித்தால் சிக்னல் எத்தனை, அடக்கிவிடலாம், அடக்கிவிடலாம். இல்லை. கவுண்டருக்குப் போனாள். கழுத்துப்பட்டைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். 'சார், பாத்ரூம் எங்க இருக்கு?' வேண்டிய அளவைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. என் பையை நானே தூக்குவேன் என்று சொன்ன அதே குரல். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு ஆம்பளையிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை, இப்போது கேட்டும் ஆயிற்று, கூரை இடிந்து விழவில்லை, பையனும் அப்பாவும் கூடாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அது... இந்த மாடியில வேலை நடக்குது மேடம். மேல மூணாவது மாடி, ஃபுட் கோர்ட்டுக்குப் பின்னாடி போகணும், கொஞ்சம் சுத்து வழி' என்றார் அவர். 'வழி தெரியாது. யாராவது கூட வந்து காட்டட்டும்.' அதைச் சொல்லும்போது அவள் பிலோமினாவைப் பார்க்கவில்லை. அவர் தயங்கினார், பில் கட்டிய வாடிக்கையாளர் என்பதையும் பார்த்தார். 'பிலோமினா, மேடத்தைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்க.'

கடையைத் தாண்டும்வரை பிலோமினா வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் நடக்கவேண்டிய மரியாதையான நடை நடந்தாள். எஸ்கலேட்டரில் ஏறியதும் அது நிற்கிறவர்களுக்கானது என்பதை மறந்து படி படியாக ஏறினாள். மேலே போனதும் ஓட்டமும் நடையுமாக. பின்னால் இசக்கியும். பக்கவாட்டில் பொரித்த கோழி வாசனை, பிள்ளைகளின் கூச்சல், இரண்டு பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தி, ஒருத்தி கையில் நிறைகுடம் மாதிரி ஒரு பாட்டில். பார்க்கிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள். கதவைத் தள்ளியதும், 'மேடம், நீங்க போங்க' என்று பிலோமினா ஒரு கதவைக் காட்டினாள், காட்டிய கையை இறக்குவதற்குள், 'ஏம்மா, நீ போம்மா முதல்ல' என்று இசக்கி அவளைத் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பிவிட்டுப் பக்கத்துக் கதவுக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பாட்டிலைக் கொக்கியில் மாட்டினாள். அந்நிய இடம். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது, வெளியே யாரோ கை கழுவுகிறார்கள், எங்கோ ஒருத்தர் செருமுகிறார். வயிறு இறுகத் தொடங்கியது. வந்துவிட்டது, அதே பூட்டு. கண்ணை மூடினாள். வராவிட்டால் என்ன செய்வேன், மலையில் என்ன செய்வேன். அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் பிலோமினா. மழை ஓட்டில் விழுகிற மாதிரி, நிற்கவே நிற்காமல், வெட்கம் கெட்டு, நாள் முழுக்க அடைத்துவைத்ததெல்லாம். அதன் கூடவே ஒரு நீளமான பெருமூச்சு. அந்தப் பெருமூச்சை இசக்கி இதுவரை தன் வீட்டுக்குள் தன் வாயிலிருந்து மட்டும்தான் கேட்டிருக்கிறாள். உள்ளே எதுவோ ஒன்று பிடியை விட்டது. பூட்டு திறந்ததா, கதவே கழன்று விழுந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. வந்தது. தனக்குச் சொந்தமில்லாத ஒரு கட்டிடத்தில், ஊரே நடமாடுகிற ஒரு மாடியில், பட்டப்பகலில் வந்தது. பாறையாவது, பனியாவது, கூடாரமாவது, கொண்டு வா எந்த மலையை வேண்டுமானாலும். 'மேடம்' என்றாள் பிலோமினா தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குரலில் ஒரு சிரிப்பும் ஒரு கூச்சமும், 'காலையில வீட்டை விட்டுக் கிளம்பினது மேடம்.' 'தெரியும்மா' என்றாள் இசக்கி.

வெளியே வந்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை கழுவினார்கள். கண்ணாடியில் பிலோமினாவின் முகம் வேறாக இருந்தது, நெற்றிச் சுருக்கம் போயிருந்தது, பத்து வயது குறைந்த மாதிரி. வாசல் பக்கம் திரும்பியவளை இசக்கி நிறுத்தினாள். 'ஓட வேண்டாம். வயசான அம்மா, நடக்க லேட்டாச்சுன்னு சொல்லிக்கலாம்.' 'உங்களைப் பார்த்தா அப்படிச் சொல்லவே முடியாது மேடம்' என்றாள் பிலோமினா. இசக்கிக்கு முதுகெலும்பு ஒரு விரல்கடை நீண்டது, இந்த நீளல் எந்தக் கணக்கில் வருகிறது என்று யோசிக்க அவள் மனசு கொஞ்சம் நின்று பார்த்தது, பிறகு சரி என்று விட்டுவிட்டது. பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து நீட்டினாள். 'இந்தா. குடி.' மேடம் என்றும் அம்மா என்றும் இல்லாத குரல், அக்காவின் குரல், எப்போது வந்ததென்று தெரியவில்லை. பிலோமினா பாட்டிலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். வெடித்த கீழுதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

'இப்போ குடிச்சா மறுபடியும் வருமே அக்கா.'

'வரட்டுமே' என்றாள் இசக்கி.

பிலோமினா இரண்டு கையாலும் பாட்டிலை வாங்கி, அகன்ற வாயில் உதட்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.